லண்டன் வள்ளி

டெக்சாஸில், டல்லஸை ஒட்டிய பிளானோ ஊர்த் தமிழர்களில் யார் லண்டனுக்குக் கிளம்பினாலும் முதல் போன் வள்ளிக்குத்தான் வரும். டிக்கெட் ஏஜென்ட்டுக்கு இரண்டாவது போன். ஐந்து வருடத்தில் பதினோரு குடும்பங்களை அவள் அனுப்பிவைத்திருந்தாள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஆறு பக்கம். கம்ப்யூட்டரில் தட்டி, மூலையில் ஸ்டேப்ளர் அடித்துக் கொடுப்பாள். எந்த நாள் எந்த அரண்மனை, எந்த வாசலில் கூட்டம் குறைவு, எங்கே படி அதிகம், எங்கே சைவச் சாப்பாடு கிடைக்கும், எந்தப் பெரிய ஹோட்டலில் தங்காமலே உள்ளே போய் உட்கார்ந்து பார்க்கலாம், எல்லாம் அதில் இருக்கும். அவளுக்கு லண்டன் வள்ளி என்றே பெயர் நின்றுவிட்டது.

அவள் லண்டனைப் பார்த்ததே இல்லை.

திட்டம் போட்டுச் சொன்ன பொய் இல்லை அது. அவள் கணவன் இளமாறன் டெக்சாஸுக்கு வருவதற்கு முன்னால் எட்டு மாதம் இங்கிலாந்தில் ரெடிங் என்ற ஊரில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தான். அந்த எட்டு மாதமும் வள்ளி கோபிச்செட்டிபாளையத்தில் உட்கார்ந்து பாஸ்போர்ட்டுக்காகக் காத்திருந்தாள். பாஸ்போர்ட் வந்த வாரம் அவனுக்கு அமெரிக்க விசாவும் வந்துவிட்டது. இரண்டு பேரும் நேராக டல்லஸில் வந்து இறங்கினார்கள். முதல் பொங்கல் விழாவில் ருக்மிணி ஒரு கையில் கேசரித் தட்டோடு வந்து, "நீங்க யூ.கே.ல இருந்து வந்தவங்களாமே? அப்ப லண்டன் முழுக்க அத்துப்படியா இருக்கும்" என்றாள். சுற்றி ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். ஒருத்தி டாக்டர், இரண்டு பேர் டெலிகாம் கம்பெனி, ருக்மிணிக்கு பாங்கில் வேலை. வள்ளியின் விசாவில் வேலை பார்க்கக் கூடாது. கார் ஓட்டவும் அப்போது தெரியாது. அன்று காலையில் இருந்து அவளிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. முதன்முதலாக ஒரு கேள்வி வந்தது. தலையை ஆட்டிவிட்டாள்.

ஆட்டிய தலைக்குச் சோறு போட வேண்டுமே. மறுவாரம் இளமாறனை நச்சரித்து நூலகத்துக்குப் போனாள். லண்டன் வழிகாட்டிகள் நான்கு எடுத்தாள். பழைய புத்தகக் கடையில் லண்டன் தெரு அட்லஸ் ஒன்று கிடைத்தது. சுற்றுலாத்துறைக்குக் கடிதம் போட்டால் பளபளவென்ற புத்தகங்களை இலவசமாகவே அனுப்பிவைத்தார்கள். வரைபடத்தில் நூலை வைத்துத் தெருவுக்குத் தெரு வளைத்து, ஸ்கேலில் அளந்து, நடக்க எத்தனை நிமிடம் என்று கணக்குப் போட்டாள். பன்னிரண்டாம் வகுப்பில் புவியியலில் மாவட்ட முதல் மார்க். அந்த மார்க் டெக்சாஸில் வேறு எதற்கும் உதவவில்லை.

அந்த ஆறு பக்கத்தில் எல்லாருக்கும் பிடித்தது நான்காம் பக்கம். மூன்றாம் நாள், மாலை மூன்றரை: ஆல்டர்மியர் ஹோட்டல், கண்ணாடிக் கூரை மண்டபத்தில் தேநீர். செயின்ட் ஜேம்ஸ் பூங்கா ஓரமாக இருக்கும் நூறு வருடத்து ஹோட்டல் அது. அதன் விளம்பரப் புத்தகம் ஒன்று நூலகத்தில் யாரோ போட்டுவிட்டுப் போன பெட்டியில் கிடைத்தது. கண்ணாடிக் கூரை, கீழே தொட்டிகளில் பனைமரங்கள், மூலையில் பியானோ, வெள்ளி அடுக்குத் தட்டில் குட்டி சாண்ட்விச். வள்ளி அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து, எந்த மேஜையில் உட்கார்ந்தால் வெயில் முதுகில் படாது என்பது வரை எழுதிவிட்டாள். போய்வந்தவர்கள் எல்லாரும் புகழ்ந்தார்கள். சிவப்புக் கோட்டும் உயரத் தொப்பியும் போட்ட வாசல்காரரோடு எடுத்த போட்டோவைக் காட்டினார்கள். "அப்படியே நீ சொன்ன மாதிரியே இருந்துச்சு வள்ளி" என்றாள் ருக்மிணி. "பியானோ வாசிச்சான் பாரு, எனக்கு எந்திரிக்கவே மனசு வரல."

ஒவ்வொரு புகழ்ச்சிக்கும் வள்ளி பேச்சை மாற்றிவிடுவாள். ஆனால் அந்தப் பெயரை விட்டால் அவளிடம் வேறு என்ன இருந்தது? இளமாறனின் மனைவி, வெண்பாவின் அம்மா. அந்த ஊரில் யாரோ ஒருவருக்கு மனைவியாக, யாரோ ஒருவருக்கு அம்மாவாக இல்லாதவர்கள் யார்?

இரண்டாயிரமாவது வருடம் பிப்ரவரியில் கிரீன் கார்டு வந்தது. அதுவரைக்கும் நாட்டை விட்டு வெளியே போனால் திரும்ப விடுவார்களா என்று இளமாறனுக்குப் பயம். கனடாப் பக்கம் கூடத் தலை வைத்துப் படுத்ததில்லை. கார்டு வந்த செய்தி பரவிய மறுநாளே அனந்தலக்ஷ்மி மாமியின் போன் வந்தது.

"ஏண்டி வள்ளி, ஜூன்ல நாங்க லண்டன் போறோம். நீயும் வரே."

"நானா? நான் எதுக்குங்க மாமி? எழுதித் தர்றேன்."

"பேப்பரைப் படிச்சுண்டு நான் ரோட்ல நிக்கணுமா? ப்ளேன்ல பறந்து பறந்து மாமாகிட்ட மைல்ஸ் மலையாட்டம் குவிஞ்சு கெடக்கு. ஒரு டிக்கெட் ஒனக்கு. விஷாகா ரூம்ல நீ படுத்துக்கோ. எங்க தங்கறோம்னு கேளேன்."

"எங்கங்க?"

"ஒன்னோட ஆல்டர்மியர்லதான்! அஞ்சு நாள்! மாமாவோட கம்பெனி ஸ்டாக் மேல போறச்சே அனுபவிச்சுடணும், கீழ வந்தா யார் கேப்பா?"

மாமி ஒன்று முடிவு செய்தால் செய்ததுதான். அவள் கணவர் வெங்கடகிருஷ்ணன் டெலிகாம் கம்பெனியில் டைரக்டர்; ஆபீசில் எழுபது பேர் அவருக்குக் கீழே, வீட்டில் அவர் எல்லாருக்கும் கீழே. மகள் விஷாகாவுக்குப் பதினைந்து வயது. தமிழ் புரியும், வாயில் வராது.

இளமாறன் சிரித்தான். "போயிட்டு வா. வெண்பாவை நான் பாத்துக்கறேன். நூடுல்ஸ் இருக்கு."

"ஏங்க, மாட்டிக்குவேனுங்க."

"எப்படி மாட்டுவ? அந்த ஊரைப் பத்தி உனக்குத் தெரிஞ்சது எனக்கே தெரியாது. நான் ரெடிங்ல பாத்தது ஆபீஸ், ரூம், பஸ் ஸ்டாப். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்க. இமிக்ரேஷன்ல என்ன கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்லணும். ஒரு பொய் கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சுன்னா அவ்வளவுதான்."

ஐந்து வருடமாக இதை அவன் சாமி மந்திரம் மாதிரி சொல்லிவந்திருக்கிறான். விசாவில் இருக்கும் எல்லா வீட்டிலும் இதே மந்திரம்தான். பக்கத்து வீட்டுக்காரனிடம் சம்பளத்தைக் கூட்டிச் சொல்லலாம், மாமியாரிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லலாம். இமிக்ரேஷன் அதிகாரியிடம் மட்டும் யாரும் பொய் சொல்ல மாட்டார்கள்.

அங்கேதான் மாட்டினாள்.

லண்டன் காட்விக் விமான நிலையத்தில் வெங்கடகிருஷ்ணன் நான்கு பாஸ்போர்ட்டையும் ஒரே கட்டாக மேஜையில் வைத்தார். சேர்ந்து வந்தவர்கள் சேர்ந்தே வாருங்கள் என்று அதிகாரி அழைத்தார். கண்ணாடி போட்ட, நிதானமான மனிதர். மாமாவிடம் கேட்டார், மாமியிடம் கேட்டார். பிறகு வள்ளியின் பாஸ்போர்ட்டை எடுத்துப் புரட்டினார்.

"இதற்கு முன்னால் இங்கிலாந்துக்கு வந்திருக்கிறீர்களா, அம்மணி?"

பக்கத்தில், ஒரு முழம் தள்ளி, மாமி. வள்ளிக்கு இரண்டு விநாடி இருந்தது. இரண்டு விநாடியில் அவளுக்கு கம்ப்யூட்டர் தெரிந்தது, கிரீன் கார்டு தெரிந்தது, இளமாறனின் முகம் தெரிந்தது.

"இல்லை" என்றாள். "இதுதான் முதல் தடவை."

அதிகாரி முத்திரையைக் குத்தினார். மாமியின் தலை மெதுவாகத் திரும்பியது.

"வெயிட், வாட்?" என்றாள் விஷாகா.

விக்டோரியா போகும் ரயிலில் மாமி எதிர் இருக்கையில் உட்கார்ந்தாள். ரயில் கிளம்பும்வரை பேசவில்லை. மாமியைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

"நான் கேட்டது சரிதானா?"

"சரிதாங்க மாமி."

"அப்போ ரெடிங்?"

"அவரு இருந்தாரு. நான் கோபியில இருந்தேன்."

"அஞ்சு வருஷமா!" மாமி தொடையில் அடித்துக்கொண்டாள். "மேடையில வச்சு உனக்குப் பொன்னாடை போத்தினோமேடி, ட்ராவல் கைடுன்னு! நான்தான்டி போத்தினேன்!"

வள்ளிக்கு அழுகை வரவில்லை. ஐந்து வருடமாக அந்தக் கணத்தை மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்ததால், வந்தபோது அது பழைய விஷயமாக இருந்தது. "தப்புதாங்க" என்றாள்.

வெங்கடகிருஷ்ணன் செய்தித்தாளை இறக்கினார். "உனக்கு ஹோட்டலுக்கு வழி தெரியுமா, தெரியாதா?"

"மேப்ல தெரியுங்க மாமா."

"அப்போ சரி." தாளை ஏற்றிக்கொண்டார்.

"ஒண்ணும் சரி இல்லே" என்றாள் மாமி. "வள்ளி, நான் ஒளிச்சு வச்சுப் பேசறவ இல்லே. பிளானோ போனதும் நான் சொல்லாம இருக்க மாட்டேன். முயற்சி பண்ணாலும் என்னால முடியாது. முன்கூட்டியே சொல்லிட்டேன்."

இதில் பொய்யே இல்லை. மாமிக்கு ஒரு ரகசியத்தை வைத்துக்கொள்வது என்பது தும்மலை வைத்துக்கொள்வது மாதிரி. அடுத்த சனிக்கிழமை பிளானோவில் நஞ்சப்பன் என்பவர் வீட்டில் மதியச் சாப்பாடு இருந்தது. லண்டன் போய்வந்தவர்கள் கதை சொல்ல வேண்டும் என்பதற்காகவே வைத்த சாப்பாடு. வள்ளிக்கு ஒரு வாரம் இருந்தது.

விக்டோரியாவில் இருந்து ஹோட்டல் எட்டு நிமிட நடை என்று ஆறு பக்கத்தில் எழுதியிருந்தாள். வரைபடத்தில் அளந்த நூலுக்குப் பெட்டி தூக்கும் வேலை இல்லை, சிக்னலில் நிற்கும் வேலையும் இல்லை. இருபத்தெட்டு நிமிடம் ஆனது. மாமி வழியெல்லாம் நிமிடத்தைச் சத்தமாக எண்ணிக்கொண்டு வந்தாள். ஒரு திருப்பத்தில் வள்ளி இடப்பக்கம் பார்த்துவிட்டு ரோட்டில் காலை வைக்க, வலப்பக்கம் இருந்து வந்த டாக்சிக்காரன் ஹாரன் அடித்தான். கோபியில் பிறந்தவள், ஐந்து வருட டெக்சாஸில் ரோடு கடப்பதே மறந்துவிட்டது.

"லண்டன் வள்ளி!" என்றாள் மாமி. "பாத்துடி, பொன்னாடை அழுக்காயிடப் போறது!"

ஆனால் மறுநாள் டவர் ஆப் லண்டனில் நிலைமை மாறியது. வாசலில் வரிசை பாம்பாக வளைந்து நின்றது. வள்ளி நுழைவுச்சீட்டை முன்னமே பாதாள ரயில் நிலையத்தில் வாங்கிவைத்திருந்தாள். வரிசையைத் தாண்டி உள்ளே போனார்கள். "முதல்ல நகை, அப்புறம்தான் மத்தது. பத்து மணிக்கு மேல நகைப் பக்கம் கூட்டம் தாங்காது" என்று நேராகக் கிரீடங்களிடம் கூட்டிப்போனாள். எதிரே ஆள் இல்லை. மாமி கிரீடத்தைக் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தாள். நகரும் நடைபாதையில் மூன்று தடவை போய்வந்தாள்.

"கல்லு நன்னாத்தான் இருக்கு. கட்டினவன் கைதான் சரியில்லே" என்றாள். வெளியே வந்தபோது வரிசை இன்னும் நீண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "வராமலே இதையெல்லாம் எப்படிடி தெரிஞ்சுண்ட?" என்றாள். குரலில் காரம் கொஞ்சம் குறைந்திருந்தது.

எந்த ராணியின் தலையை எந்தப் புல்வெளியில் வெட்டினார்கள் என்று வள்ளி சொல்லப்போக, அது வேறு வினையாக முடிந்தது. "வெட்டின எடத்துலயா நிக்கறோம்?" என்று மாமி இரண்டடி பின்னால் போனாள். "நேரே ரூமுக்குப் போய் ஸ்நானம் பண்ணணும். அப்புறம்தான் சாப்பாடு."

"மாம், அது நானூறு வருஷம்..." என்பதை விஷாகா இங்கிலீஷில் ஆரம்பித்தாள். பயனில்லை. டாக்சி பிடித்துத் திரும்பி, மாமி தலைக்குக் குளித்து, சாப்பிட்டு, மறுபடி கிளம்பினார்கள்.

மூன்றாம் நாள் காலை வெஸ்ட்மின்ஸ்டர் அபே. வள்ளி ராஜாக்களின் சமாதிகளைப் பற்றி இரண்டு பத்தி எழுதியிருந்தாள். அவை நடக்கும் தரையிலேயும் இருக்கும் என்று எந்தப் படத்திலும் அவளுக்கு உறைக்கவில்லை. உள்ளே நுழைந்து பத்தடி போனதும் மாமி குனிந்து காலடியைப் பார்த்தாள். கல்லில் ஒரு பெயர், பிறந்த வருடம், இறந்த வருடம்.

"வள்ளி. இது என்னது?"

"...அவரு அடியில இருக்காருங்க மாமி."

மாமி பக்கத்துக் கல்லுக்குத் தாவினாள். அதிலும் ஒருவர் இருந்தார். அடுத்ததில் ஒரு குடும்பமே இருந்தது. ஐம்பது வயதில், காஞ்சிபுரம் பட்டும் டென்னிஸ் ஷூவுமாக, மாமி பெயரில்லாத கல்லாகப் பார்த்துத் தாவித் தாவி அபேயின் நீளம் முழுக்கக் கடந்தாள். ஜப்பானியச் சுற்றுலாக்காரர்கள் இரண்டு பேர், இது ஏதோ முறை என்று நினைத்தார்களோ என்னவோ, அவளுக்குப் பின்னாலேயே தாவினார்கள். கறுப்பு அங்கி போட்ட வழிகாட்டி வந்து உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று கேட்டார். விஷாகா ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். வெங்கடகிருஷ்ணன் கல்லின் மேல் நேராக நடந்துபோய், அங்கே புதைந்திருந்த ஒரு விஞ்ஞானிக்குக் கைகூப்பினார்.

வெளியே வந்ததும் தீர்ப்பு வந்தது. "எல்லாரும் ஸ்நானம் பண்ணணும். வள்ளி, நீயும்தான்."

அப்படித்தான், அந்த மூன்றாம் நாள் மாலை மூன்றரை மணிக்கு, தலையில் ஈரம் சொட்டச் சொட்ட, நான்கு பேரும் ஆல்டர்மியர் ஹோட்டலின் வரவேற்பு மேஜை முன்னால் நின்றார்கள். மாமியின் தலையில் ஹோட்டல் துண்டு கொண்டையாக ஏறியிருந்தது. இரண்டு நாளாக அங்கேயே தங்கியிருந்தும், தாளில் எழுதிய நேரத்துக்கு முன்னால் அந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பதில்லை என்று வள்ளி வைத்திருந்தாள். ஐந்து வருடம் படத்தில் பார்த்த மண்டபத்துக்குள் இப்போது கால் வைக்கப் போகிறாள். மேஜைக்குப் பின்னால் இருந்த இளைஞனிடம் கண்ணாடிக் கூரை மண்டபம் எந்தப் பக்கம் என்று கேட்டாள்.

அவன் விழித்தான். பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டான். அவர் கனிவாகச் சிரித்தார். "கிளாஸ் கோர்ட்டா? அதை மூடி நெடுநாள் ஆகிறதே, அம்மணி. தொண்ணூற்று மூன்றில் என்று நினைக்கிறேன். இப்போது அது நீச்சல்குளம். பார்க்க வேண்டுமா?"

போய்ப் பார்த்தார்கள். கண்ணாடிக் கூரை இருந்தது. அதன் கீழே நீலத் தண்ணீர். பனைமரம் ஒன்று பிளாஸ்டிக்கில் மிச்சம் இருந்தது. வழுக்கைத் தலை மனிதர் ஒருவர் நிதானமாக இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நீந்திக்கொண்டிருந்தார்.

வள்ளி தன் ஆறு பக்கத்தை எடுத்தாள். முதல் குடும்பத்தைத் தொண்ணூற்றைந்தில் அனுப்பினாள். நூலகப் பெட்டியில் கிடைத்த புத்தகத்தில் வருடம் போட்டிருந்ததா என்று யோசித்தாள். போட்டிருந்தது, கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில். தொண்ணூற்றொன்று. அவள் பார்த்திருந்தாள். ஹோட்டல் நூறு வருடமாக இருக்கிறது, மூன்று நான்கு வருடத்தில் என்ன ஆகிவிடும் என்று விட்டுவிட்டாள்.

"மாமி" என்றாள். "நான் பதினோரு குடும்பத்தை இங்க அனுப்பியிருக்கேன்."

மாமி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒன்று மெல்ல ஏறியது. தோள் குலுங்க ஆரம்பித்தது.

"ருக்மிணி பியானோ கேட்டாளேடி!" என்றாள் மாமி. "தண்ணிக்குள்ள முங்கியா வாசிச்சான்?"

சிரிப்பு அந்தக் கண்ணாடிக் கூரையில் மோதித் திரும்ப வந்தது. நீந்திக்கொண்டிருந்தவர் நடுவில் நின்று பார்த்தார். மாமி வள்ளியின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், தலைத்துண்டு அவிழ்ந்து குளத்தில் விழுந்தது, விஷாகா அதை எட்டி எடுக்கப்போய் முழங்கை வரை நனைந்தாள். வள்ளிக்கு முதலில் சிரிப்பு வரவில்லை. பிறகு வந்தது, நிற்கவில்லை.

மிச்சத்தை வாசல்காரர் சொன்னார். பூங்காவுக்குப் போகலாம் என்று வெளியே வந்தபோது, சிவப்புக் கோட்டுக்காரர் வள்ளியின் கையில் இருந்த தாள்களைப் பார்த்துவிட்டுத் தொப்பியைத் தொட்டார்.

"ஓ, அந்தக் காகிதமா! கோடையில் இதோடு உங்கள் ஊர்க் குடும்பங்கள் வரும். நல்லவர்கள். காகிதத்தைப் பார்ப்பார்கள், கதவைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள். என்னோடு ஒரு போட்டோ. அப்புறம் பூங்காப் பக்கம் போய்விடுவார்கள்."

"உள்ளே யாரும்...?" என்றாள் வள்ளி.

"ஒருவரும் வந்ததில்லை, அம்மணி. நானும் கதவைத் திறந்துபிடித்துக்கொண்டே நிற்பேன்."

அன்று சாயங்காலம் பூங்கா பெஞ்சில் மாமி தெளிவாகப் பேசினாள். "இப்ப நான் ஒன்னைப் பத்தி மூச்சு விட மாட்டேன். எனக்கு ருக்மிணி போதும். சனிக்கிழமை எல்லார் முன்னாடியும் கேக்கப் போறேன், பியானோக்காரன் ஈரத்துணியோட இருந்தானான்னு."

"கேட்டா, 'வள்ளிதானே சொன்னா, அவ பாத்தவளாச்சே'ன்னு என்கிட்ட வருவாங்க மாமி."

"வரட்டுமே. நீ வாயை மூடிண்டு இரு. எழுதினப்போ மண்டபம் இருந்துதுன்னு சொல்லு. அவா மாட்டிப்பா, நீ தப்பிச்சுப்ப."

அது சரியான கணக்குதான். வள்ளி விமானத்தில் அதைத்தான் போட்டுப் போட்டுப் பார்த்தாள். மாமி பேசினால் ருக்மிணியின் முகம் தொங்கும், தன் பெயர் அப்படியே இருக்கும். லண்டன் வள்ளியாக இன்னும் பதினோரு குடும்பத்தை அனுப்பலாம். அவர்களும் கதவுக்கு வெளியே நின்று, போட்டோ எடுத்துக்கொண்டு, திரும்பிவந்து அப்படியே நீ சொன்ன மாதிரியே இருந்துச்சு என்பார்கள். அவர்கள் ஏன் உள்ளே போகவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. யாராவது வந்து உனக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம். பொங்கல் விழாவில் அவள் தலையாட்டியதும் அதே பயத்தில்தான். அந்தப் பயத்துக்காக ருக்மிணியை நடுக்கூடத்தில் நிற்கவைப்பது கேவலம் என்று தோன்றியது. அதற்கு மேல் அதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை நஞ்சப்பன் வீட்டில் இருபது பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். நஞ்சப்பன் ஊர்க்காரர், பெருந்துறைப் பக்கம். பிளானோவில் பதினைந்து வருடமாக இருக்கிறார். மேஜையில் பிரியாணியும் தயிர்சாதமும் அலுமினியத் தட்டுகளில் ஆவி விட்டன. வெண்பா மற்ற பிள்ளைகளோடு வீடியோ கேமுக்கு ஓடிவிட்டாள். ருக்மிணி தன் கணவன் சேனாபதியோடு சோபாவில் இருந்தாள்.

"அப்புறம் அனந்தா மாமி, ஆல்டர்மியர்லயே தங்கினீங்களாமே!" என்றாள் ருக்மிணி. "கண்ணாடி மண்டபத்துல டீ குடிச்சீங்களா?"

மாமி வாயைத் திறந்தாள். ஒரு வாரமாக அதற்காகவே பழுக்கவைத்த வாய்.

வள்ளி முந்திக்கொண்டாள். "நான் ஒண்ணு சொல்லணும். நான் இதுக்கு முன்னாடி லண்டன் போனதே இல்லைங்க. அவருதான் ரெடிங்ல இருந்தாரு. நான் புத்தகத்தைப் பார்த்துத்தான் எல்லாருக்கும் எழுதித் தந்தேன். அந்த ஹோட்டல் புத்தகமும் பழசு. தப்பு என் மேலதான்."

இளமாறன் சுவர்க் காலண்டரை மும்முரமாகப் படித்தான். ருக்மிணியின் கண் வள்ளியிடம் இருந்து மாமியிடம் போய், மாமியின் கண்ணில் மினுங்குவதைப் பார்த்து, தரைக்கு இறங்கியது.

"அப்பாடா!" என்றான் சேனாபதி.

எல்லாரும் திரும்பினார்கள்.

"நாங்களும் உள்ள போகலைங்க" என்றான் அவன், மூன்று வருடத்து மூச்சை விட்டபடி. "அந்தத் தொப்பிக்காரனைப் பார்த்ததும் இவளுக்குக் கால் நகரல. எனக்கும்தான். பார்க்ல உக்காந்து தக்காளி சாதம் சாப்பிட்டோம்."

"என்னங்க!" என்று ருக்மிணி அவன் தொடையில் கிள்ளினாள். பிறகு அவளே, "வாத்து வந்து பாதியைத் தின்னுடுச்சு" என்றாள்.

"நீங்களுமா?" என்றாள், இன்னொரு கோடையில் போய்வந்த காமாக்ஷி, சமையலறை வாசலில் இருந்து. "நாங்க சிப்ஸ்தான் தின்னோம்."

அதற்கப்புறம் யாரையும் நிறுத்த முடியவில்லை. வேலுமணி வின்ட்சர் கோட்டையைப் பார்க்கவே இல்லை; ஸ்லோ என்ற ஊரில் ரயில் மாற மறந்து ரெடிங் வரை போய், ஸ்டேஷனில் ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். ஆல்பத்தில் இருந்த வின்ட்சர் படம் தபால் அட்டையில் இருந்து எடுத்தது. எட்டு நிமிட நடை முக்கால் மணி நேரம் ஆனது என்றும், தங்களுக்குத்தான் நடக்கத் தெரியவில்லை என்று நினைத்துச் சொல்லாமல் விட்டதாகவும் மூன்று பேர் ஒப்புக்கொண்டார்கள். வெங்கடகிருஷ்ணன் தயிர்சாதத்துக்கு ஊறுகாய் தேடியபடி, "சாதாரண ஹாலில் டீ குடிச்சோம், நன்னா இருந்தது. கேட்டா உள்ளே விடறான்" என்றார். மாமி தன் பங்குக்கு அபேயில் தாவியதை நடித்துக் காட்டினாள், நஞ்சப்பன் வீட்டுக் கம்பளத்தில் இந்தப் பூவில் இருந்து அந்தப் பூவுக்கு. சிரித்துச் சிரித்துக் காமாக்ஷிக்குப் புரையேறியது.

சத்தம் கொஞ்சம் அடங்கியபோது நஞ்சப்பன் தொண்டையைக் கனைத்தார். மனிதர் முகத்தில் நிஜமான கவலை.

"எல்லாஞ் சரிங். வர்ற ஆகஸ்ட்டுக்கு எங்குளுக்கு எடின்பரோ போட்டுக் குடுத்தியே வள்ளி. கோட்டை, அந்த மலை மேல ஹோட்டலு. அது எப்புடி? படி நெறையாவா? எனக்கு முட்டி வலி."

வள்ளிக்குப் பதில் வாயில் வந்தது. படம் கண்ணில் இருந்தது, எத்தனை படி என்றும் எங்கேயோ படித்த ஞாபகம். விழுங்கிக்கொண்டாள்.

"தெரியாதுங்கண்ணா" என்றாள். "நான் போனதில்ல."

தெரியாது என்ற வார்த்தையை அந்தக் கூட்டத்தில் அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. யாரும் முகம் சுளிக்கவில்லை. நஞ்சப்பன் அப்படியே நின்றார், இதற்கு அடுத்து அவள்தான் ஏதாவது செய்ய வேண்டும் என்பது போல.

"கேட்டுச் சொல்றேன். போன் எங்கிங்க?"

"இப்பவா?"

"அங்க இப்ப சாயங்காலம் ஏழரை. ஆள் இருப்பாங்க."

கம்பியில்லாத போனை யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள். ஹோட்டல் நம்பர் நஞ்சப்பனுக்கு அவள் எழுதிக்கொடுத்த தாளிலேயே இருந்தது. மாமி "ஸ்பீக்கர்ல போடு, ஸ்பீக்கர்ல போடு" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ருக்மிணி தட்டை வைத்துவிட்டு ஒரு பேனாவும் காகிதத் துண்டும் தேடிக்கொண்டு மறுபக்கம் உட்கார்ந்தாள். நான்கு தடவை மணி அடித்தது. ஒரு பெண் எடுத்து, ஹோட்டலின் பெயரைச் சொல்லி, எப்படி உதவலாம் என்று கேட்டாள்.

"வணக்கம். நான் டெக்சாஸில் இருந்து பேசுகிறேன்" என்றாள் வள்ளி இங்கிலீஷில். "உங்கள் ஊரை நான் பார்த்ததில்லை. எனக்குக் கொஞ்சம் கேள்விகள் இருக்கின்றன. நேரம் இருக்குமா?"

நிறைய நேரம் இருக்கிறது என்றாள் அவள்.